வெள்ளவத்தையில ஒரு கவுன்சிலிங் இடம்: தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ற பிள்ளைக்கு எப்படி இருந்திச்சு

முதல்லயே சொல்லிடுறன், இந்த ரிவியூவில இடத்தின்ட பேர் இருக்காது. வெள்ளவத்தை எவ்வளவு சின்ன ஊர் எண்டு இங்க இருக்கிறாக்களுக்கு தெரியும், இடத்தின்ட பேரும் பிள்ளைட வயசும் எந்த நாள் போறம் எண்டதும் ஒண்டா எழுதினா பின்னேரத்துக்குள்ள எந்த ஃப்ளட், எத்தனையாவது மாடி எண்டு மார்க்கெட் வரைக்கும் கதை போயிடும். உண்மையா தேவைப்படுறாக்கள் தனியா கேளுங்க, சொல்றன். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில இறங்குற லேன் ஒண்டில, மேல்மாடியில இருக்கு, அவ்வளவு போதும். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கிறன், அந்த ஒண்டு ஏன் குறைஞ்சது எண்டும் கீழ எழுதுறன்.

போனது என்ட பெறாமகனுக்காக. அக்காட மூத்தவன், ஓ/எல் சோதனை எடுக்கிற வயசு. வீட்டில கூப்பிடுற மாதிரி தம்பி எண்டே எழுதுறன். அத்தான் டோஹாவில, அக்கா பேங்க்ல வேலை, அதால கூட்டிக்கொண்டு போற வேலை கனதரம் எனக்குத்தான். தம்பிட்ட கேட்டுத்தான் இத எழுதுறன், எழுதினத வாசிச்சுப்போட்டு ரெண்டு இடத்த அவனே வெட்டச் சொன்னான், வெட்டிட்டன். அவன் என்ன செய்தான், எப்படி செய்தான் எண்டது இதில இல்ல, அது யாருக்கும் தேவையும் இல்ல.

இந்த இடத்துக்கு முதல் ஒரு பிரைவேட் ஹொஸ்பிட்டல்ல டொக்டர் ஒருத்தர சேனல் பண்ணி காட்டினோம், அதையும் சொன்னாத்தான் வித்தியாசம் விளங்கும். பின்னேரம் முழுக்க கொரிடோர்ல இருந்து, நம்பர் வந்து உள்ள போனா, அவர் தம்பிட முகத்தையே பாக்காம அக்காட்ட கேட்டார், பிறகு தம்பிட்ட திரும்பி "அம்மா இவ்வளவு கஷ்டப்படுறாங்க, வெக்கமில்லையா"எண்டார். அஞ்சு நிமிஷம் இருக்காது. துண்டு எழுதித் தந்தார், தம்பி வெளிய வந்து லிஃப்டுக்குள்ள ஒரு வார்த்தை கதைக்கேல்ல. அதுக்குப் பிறகு இனி எங்கயும் வரமாட்டன் எண்டு நிண்டவன, இந்த இடத்துக்கு கூட்டிக்கொண்டு போறதே பெரிய பாடு.

இங்க அவனக் கூட்டிப் போக முதல் அவங்க அக்காவையும் என்னையும் மட்டும்தான் வரச்சொன்னாங்க. பிள்ளை வரமாட்டன் எண்டா பெரியாக்கள் முதல்ல வந்து கதைக்கலாம், அத வீட்டில ஒளிக்காம "நாங்க போய்ட்டு வந்தோம், உன்னப்பற்றி இதத்தான் கேட்டோம்"எண்டு பிள்ளைட்ட சொல்லுங்க எண்டாங்க. அது வேலை செய்திச்சு. நாங்க என்ன கதைச்சம் எண்டு பாக்கத்தான் அவன் வந்தான் எண்டு நினைக்கிறன்.

முதல் நாள் கவுன்சிலர் மிஸ் எங்க எல்லாரையும் வச்சே ஒரு விஷயம் தெளிவா சொன்னாங்க: தம்பி உள்ள கதைக்கிறது உள்ளயே இருக்கும், உயிருக்கு ஆபத்து எண்டு அவங்களுக்கு பட்டா மட்டும் வீட்டுக்கு சொல்லுவாங்க, அதையும் அவனுக்கு சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவாங்க. இத கேட்டு அக்காட முகம் மாறிச்சு, காசு கட்டுறது நாங்க, எங்களுக்கு சொல்லமாட்டாங்களா எண்டு த்ரீவீல்ல வரும்போது முழுக்க புறுபுறுத்தா. ஆனா தம்பி பிறகு ஒருநாள் என்னட்ட சொன்னது, அந்த ஒரு கதைக்காகத்தான் ரெண்டாம் தரம் வந்தானாம்.

கையைக் காட்டு எண்டு கேட்கேல்ல. "ஏன் செய்தாய்"எண்டும் கேட்கேல்ல. "அது அந்த நேரத்தில உங்களுக்கு என்ன செய்து தருது"எண்டு கேட்டாங்களாம். அவன் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சத்தம் நிக்குது"எண்டானாம். எங்கட சனம் இதுக்கு உடன சொல்ற பேர் "கவனத்த தன்ட பக்கம் இழுக்க செய்றது"எண்டு. நீட்டுக்கை சேர்ட் போட்டு, இந்த கொழும்பு வெக்கைக்குள்ள, மாசக்கணக்கா ஒருத்தருக்கும் தெரியாம மறைச்ச பிள்ளை யார்ட கவனத்த இழுத்தது? மிஸ் எங்களுக்கு விளங்கப்படுத்தினது இதுதான்: கன பிள்ளைகளுக்கு இது தாங்க ஏலாத உணர்ச்சிய கொஞ்ச நேரத்துக்கு அடக்குற வழி, சாக நினைச்சு செய்றதும் இதுவும் எப்பவும் ஒண்டு இல்ல. ஆனா ரெண்டும் தூரத்து சொந்தமும் இல்ல, இப்படி செய்ற பிள்ளைக்கு பிற்காலத்தில ஆபத்து கூட, அதால சாகிற நினைப்பு வருதா எண்டு நேராவே கேட்கணும், கேட்டா புதுசா நினைப்ப விதைச்ச மாதிரி ஆகும் எண்டது பிழையான பயம். தம்பிட்டயும் அப்படியே நேரா கேட்டாங்க. எங்கட வீட்டில அந்தச் சொல்ல வாய்விட்டு சொன்னதே அதுதான் முதல்தரம்.

அதே நாள் வீட்டுக்கும் ஒரு வேலை தந்தாங்க, எங்கட அம்மாட பிரஷர் குளிசையில இருந்து எல்லா மருந்தையும் பூட்டி வைக்கிறது, கைக்கெட்டுற ஆபத்தான சாமான்கள ஒதுக்குறது. இது அவன நம்பாம இல்ல, அந்த மோசமான பத்து இருபது நிமிஷத்த கடக்க விடுறதுக்கு எண்டாங்க. இலங்கையில தொண்ணூறுகளின்ட நடுவில தற்கொலை வீதம் உலகத்திலயே ஆகக் கூடின நாடுகளுக்குள்ள இருந்து, பிறகு பாதிக்கும் கீழ இறங்கினதுக்கு பெரிய காரணம் மோசமான பூச்சிமருந்துகள அரசாங்கம் தடை செய்ததுதான், ஆக்கள்ட கவலை குறைஞ்சதால இல்ல. அத சொன்ன உடன அக்கா வேற கேள்வி கேட்காம அண்டைக்கே பூட்டு வாங்கினா.

இங்க செய்றது டிபிடி (Dialectical Behaviour Therapy) எண்ட முறை, தாங்க ஏலாத உணர்ச்சிய காயப்படுத்தாம சமாளிக்க பழக்குற பேச்சு சிகிச்சை. அமெரிக்காவில வாஷிங்டன் யூனிவர்சிட்டில இருந்த மார்ஷா லினஹன் உருவாக்கினது, அவங்கட பெரிய புத்தகம் 1993இல வந்தது, பிறகு அலெக் மில்லர், ஜில் ராதஸ் எண்டு ரெண்டு பேர் டீனேஜ் பிள்ளைகளுக்கு ஏத்த மாதிரி, பெற்றோரையும் சேர்த்து மாத்தினாங்க. நோர்வேயில செய்த ஆராய்ச்சி 2014இலயும் அமெரிக்காவில செய்தது 2018இலயும் வந்தது, ரெண்டிலயும் இந்த முறையில போன பிள்ளைகள் காயப்படுத்திக்கொள்றது மற்ற முறையில போன பிள்ளைகள விட குறைஞ்சிருக்கு. இதெல்லாம் நான் தேடி வாசிச்சது. தம்பி தேடினது வேற, லினஹனே டீனேஜ்ல ஹொஸ்பிட்டல்ல இருந்தவங்க, தன்னைத்தானே காயப்படுத்தினவங்க, அத 2011இல தான் வெளிய சொன்னாங்க எண்டத கண்டுபிடிச்சிட்டு ரா பதினொரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப். "சித்தி, அப்ப இந்த மனுசிக்கு தெரிஞ்சுதான் எழுதியிருக்கு." அதுக்குப் பிறகு அவங்க தந்த தாள்கள கசக்கி பேக்குக்குள்ள போடுறது நிண்டிச்சு.

எனக்கு சரியா பிடிச்ச வேலை ஒண்டு, நடந்தத சங்கிலி மாதிரி எழுதிப் பாக்கிறது. ஒரு மோசமான புதன்கிழமைய எடுத்து பெரிய தாள்ல வளையம் வளையமா போட்டாங்க. டியூஷன் சேர் மேத்ஸ் மார்க்ஸ கிளாஸ் குரூப்ல போட்டது, 38. கூட்டாளி ஒருத்தன் சிரிக்கிற ஸ்டிக்கர் போட்டது. வீட்டுக்கு வந்த உடன அக்கா அவன்ட ஃபோன பறிச்சது. கோவத்தில இரவுச்சாப்பாடு வேண்டாம் எண்டது. அத்தான் டோஹாவில இருந்து கோல் எடுத்து "அப்பா இங்க யாருக்காக வேகிறன்"எண்டது. ரெண்டு மணி வரைக்கும் நித்திரை இல்ல. பிறகு அது. தம்பிட நினைப்பில அண்டைக்கு நடந்தது ஒரே ஒரு விஷயம்தான், தான் உதவாதவன் எண்டது. தாள்ல பாத்தா ஆறேழு வளையம், அதில எத கழட்ட ஏலும் எண்டு அவனையே கேட்டாங்க, அவன் யோசிச்சு சாப்பாட்ட காட்டினான். அதால வீட்டில வந்த முதல் சட்டம், அவன் சாப்பிட்டு முடியும் வரைக்கும் மார்க்ஸ் கதை கிடையாது, டோஹா கோல் உட்பட. இவ்வளவு காசு கட்டி கடைசியில பிள்ளைக்கு சோறு குடுங்க எண்டா சொன்னாங்க எண்டு எங்கட அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

அம்மாவுக்கு சிரிப்பு வராதது தண்ணி விஷயத்தில. அந்த வேகம் வரும்போது மூச்சைப் பிடிச்சு முகத்த குளிர்தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் வைக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க, தண்ணிக்குள்ள முங்கும்போது இதயத்துடிப்பு தானா குறையிற ரிஃப்ளெக்ஸ் எங்கட உடம்பிலயும் இருக்காம், மூளை கேட்காட்டியும் உடம்பு கேட்கும். இதயத்தில பிரச்சினை இருக்கிறாக்கள் டொக்டர்ட்ட கேட்காம செய்யக்கூடாது எண்டும் சொன்னாங்க. ஒருநாள் ராத்திரி தம்பி அரிசி கழுவுற நீல பேசின எடுத்து, ஃப்ரிட்ஜ்ல இருந்த ஐஸ் எல்லாத்தையும் கொட்டி, குசினி மேசையில வச்சு முகத்த உள்ள விட்டான். எங்கட அம்மா பின்னால நிண்டு, சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், அது அரிசி பேசின், எண்டு ஒண்டுக்கு மேல ஒண்டா. அவன் தலைய தூக்கி தண்ணி சொட்டச் சொட்ட "அம்மம்மா, மூண்டு நிமிஷம் பேசாம இருங்கோ"எண்டான். அடுத்த நாள் அம்மா வேற பேசின் வாங்கி அவனுக்கு எண்டு தனியா வச்சிட்டா, அரிசி பேசின தொடக்கூடாதாம்.

பெற்றோருக்கான செஷன் தனி, அதுதான் இந்த இடத்தின்ட உண்மையான சாமான் எண்டு சொல்லுவன். அக்காட்ட வாங்கின முதல் விஷயம், "உனக்கு என்ன குறை வச்சனாங்கள்"எண்ட வசனத்த ஒரு கிழமைக்கு சொல்லக்கூடாது. சொல்லிப் பாருங்க எங்கட வீடுகள்ல இத சொல்லாம ஒரு கிழமை இருக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு. பிள்ளைட உணர்ச்சிய ஏத்துக்கொள்றது எண்டா பிள்ளை செய்தது சரி எண்டு சொல்றது இல்ல, "அந்த ஸ்டிக்கர பாத்தா எனக்கும் எரிஞ்சிருக்கும்"எண்டு சொல்ல ஏலும், அதுக்காக கையில செய்தது நல்லது எண்டு ஆகாது. அக்கா முதல்ல பிரிச்சுப் பாக்கவே மறுத்தா, செல்லம் குடுத்தா இன்னும் செய்வான் எண்டதுதான் அவட கதை. மிஸ் வாதாடேல்ல, அக்காட நாளக் கேட்டாங்க, எத்தனை மணிக்கு எழும்புறீங்க, பேங்க்ல எப்படி, யார் உங்களோட கதைக்கிறாங்க எண்டு. அக்கா அழுதா. பிறகுதான் அடுத்த கதை உள்ள போச்சு.

சத்தியம் வாங்குறதையும் நிப்பாட்டச் சொன்னாங்க. அக்கா அதுக்கு முதலே பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில்ல வச்சு இனி செய்யமாட்டன் எண்டு தம்பிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. சத்தியம் உடைஞ்சா பிள்ளை பிறகு அதையும் சேர்த்து மறைக்கும், மறைச்சா உதவி கேட்க வழி இல்லாம போகும். அதுக்கு பதிலா அவனோட இருந்து ஒரு பக்க தாள் எழுதினாங்க, எனக்கு அந்த வேகம் வருதெண்டு எப்படி தெரியும், நானே என்ன செய்யலாம், யார்ட்ட போகலாம், யாருக்கு கோல் எடுக்கலாம். யார்ட்ட எண்ட இடத்தில என்ட பேரும், கீழ்மாடி கூட்டாளி பேரும் இருந்திச்சு, அக்காட பேர் அப்ப இல்ல, பிறகு அவனே எழுதினான். கோயில் போறத அவங்க நக்கல் அடிக்கேல்ல, அதையும் சொல்லணும், எங்கட அம்மா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் போறவ, உங்களுக்கு ஆறுதல் எண்டா போங்க, அவன மட்டும் இழுத்துக்கொண்டு போகாதீங்க எண்டாங்க. ஸ்கூலுக்கு சொல்றதையும் தம்பிட்ட கேட்டுத்தான் செய்யச் சொன்னாங்க. தங்கச்சிக்காரி, ஒன்பது வயசு, எவ்வளவு பாத்திருக்கிறா எண்டு அவங்க கேட்கும் வரைக்கும் வீட்டில ஒருத்தருக்கும் அந்த யோசனையே இல்ல.

நடுவில திரும்பவும் ஒருக்கா நடந்தது. அக்கா இடிஞ்சு போயிட்டா, இவ்வளவு காசும் தண்ணியில எண்டா. மிஸ் ஆச்சரியப்படவும் இல்ல, ஏமாந்த முகம் காட்டவும் இல்ல, காயத்த டொக்டர்ட்ட காட்டியாச்சா எண்டு முதல்ல கேட்டாங்க, பிறகு தாள எடுத்து வளையம் போடத் தொடங்கினாங்க. இந்த இடத்த நான் சிபாரிசு பண்றதே இந்த ஒரு நாளுக்காகத்தான். நல்லா இருக்கிற கிழமையில எல்லாரும் அன்பாத்தான் இருப்பாங்க, வழுக்கின கிழமையிலயும் பிள்ளைய அதே மாதிரி நடத்துறது வேற.

இப்ப குறையள்.

டிபிடி எண்டு போர்ட்ல இருக்கு, ஆனா முழு டிபிடிக்கு நாலு பகுதி இருக்கு: தனி செஷன், திறமைகள் படிக்கிற குரூப், நடுவில போன்ல உதவி, தெரபிஸ்ட்மாருக்குள்ள கூடிக் கதைக்கிற டீம். இங்க குரூப் இங்கிலிஷ்ல மட்டும்தான் நடக்குது, தமிழ் மீடியத்தில படிக்கிற பிள்ளை அதில பேந்தப் பேந்த முழிச்சுக்கொண்டு இருக்கும். தம்பி ரெண்டு தரம் இருந்துட்டு விட்டுட்டான், பிறகு அதையே மிஸ் தனியா சொல்லிக்குடுத்தாங்க. தாள்களும் இங்கிலிஷ், மனசு சரியில்லாட்டி நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போங்க, பாத்டப்ல வெந்நீர்ல படுங்க எண்டெல்லாம் உதாரணம், ஃப்ளட்ல எங்க பாத்டப். ஓரத்தில மிஸ் கையால தமிழ்ல எழுதித் தந்தாங்க, கடலோரம் நட, பாட்டுக் கேள், அம்மம்மாவோட கேரம் விளையாடு எண்டு. நல்ல மனசுதான், ஆனா அது இடத்தின்ட வேலை, ஒரு மனுசிட வேலை இல்ல. தமிழ்ல கதைக்கிற கவுன்சிலர் எல்லா நாளும் இல்ல, பின்னேர நேரம் கிடைக்கிறது லொத்தர் விழுற மாதிரி.

போன் உதவி இரவு ஒன்பது மணி வரைக்கும், வாட்ஸ்அப்ல. அதிலயும் ஒரு சட்டம், செய்ய முதல் எடுத்தா கதைப்பாங்க, செய்த பிறகு அடுத்த நாள் வரைக்கும் வழக்கமான கதை இல்ல, காயத்துக்கும் ஆபத்துக்கும் மட்டும்தான் பதில். இத கேட்டு எனக்கும் முதல்ல சுர்ரெண்டிச்சு. காரணம் சொன்னாங்க, காயப்பட்டாத்தான் ஆள் கிடைக்கும் எண்டு பழகாம, முதலே கேட்டா ஆள் இருக்கு எண்டு பழகணும். விளங்குது, ஆனா முதல் நாளே பெற்றோருக்கு வடிவா சொல்லியிருக்கலாம், எங்களுக்கு தெரிஞ்சது நடந்த பிறகு.

ரிசெப்ஷன்ல பேர சத்தமா கூப்பிடுறாங்க. பல் டொக்டரும் அதே ஹோல்ல எண்டதால ஊர்ச்சனம் எல்லாம் இருக்கும், எங்களுக்கு பக்கத்து ஃப்ளட் அன்டி ஒருநாள், "ஆ, பல்லுக்கா வந்தது"எண்டா, ஓம் அன்டி எண்டோம். சொல்லிப் பாத்தோம், இப்ப நம்பர் குடுக்கிறாங்களாம்.

காசு, ஒரு செஷனுக்கு 5000 ரூபாய்க்கு கிட்ட. ஏலாது எண்டு கேட்டா குறைக்கிறாங்க, போர்ட்ல போடமாட்டாங்க, கேட்கணும். மருந்து இங்க எழுத மாட்டாங்க. காயப்படுத்திக்கொள்றத நிப்பாட்டுறதுக்கு எண்டு தனிக் குளிசை இல்ல, டிப்ரெஷன் மாதிரி வேற ஏதும் கூட இருந்தா அதுக்கு சைக்கியாட்ரிஸ்ட் பாக்கணும் எண்டு துண்டு தந்தாங்க, தம்பிக்கும் பாத்தோம். அதுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி போதும், காசும் இல்ல, பொரளை லேடி ரிஜ்வேல பிள்ளைகளுக்கான மனநல பிரிவே இருக்கு. அங்கொடை எண்ட பேர வச்சு நாங்க சின்ன வயசில நக்கல் அடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த பேருக்கு பயந்துதான் கன வீடுகள் சைக்கியாட்ரிஸ்ட் பக்கமே போகாதது. அதே அங்கொடை தேசிய மனநல நிறுவனம்தான் 1926 எண்ட இலக்கத்தில இரவு பகலா கோலுக்கு பதில் சொல்லுது. 1333 எண்ட கவுன்சிலிங் இலக்கத்துக்கும் எடுக்கலாம், இலவசம், தமிழ்ல கதைக்கலாம். 1974ல இருந்து இருக்கிற, மனக்கஷ்டத்தில இருக்கிறாக்களுக்கு உதவுற சுமித்ராயோ அமைப்பும் கொழும்பிலதான், புத்திமதி சொல்லாம கேட்டுக்கொண்டு இருப்பாங்க. சிறுவர் சம்பந்தமா 1929. உயிருக்கு ஆபத்து எண்டா இந்த ரிவியூ வாசிச்சுக்கொண்டு இருக்காம 1990 சுவசெரிய அம்புலன்ஸ கூப்பிடுங்க, காசு இல்ல.

தம்பி இப்பவும் போறான், இப்ப மாசத்துக்கு ஒருக்கா. ஓ/எல் நெருங்குறதால பயமாத்தான் இருக்கு.

புக்கிங் வாட்ஸ்அப்ல, காலையில போட்டா பின்னேரம்தான் பதில் வரும், திரும்பத் திரும்ப போடாதீங்க. கவுன்சிலர் ஒத்துவராட்டி மாத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம், முகம் சுளிக்க மாட்டாங்க. பார்க்கிங் சுத்தமா இல்ல, லேன்ல விட்டா எதிர்வீட்டு அங்கிள் வந்து ஹோர்ன் அடிப்பார், பிக்மீ டாக்சில போங்க.